லைட் பாக்ஸுக்குள் போன முகூர்த்தப் பட்டு

எனக்குப் பேசி முடித்திருந்த பெண் மடத்துக்குளத்தில் தமிழ் டீச்சர். நானோ ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கலர் பார்க்கிறவன். சாயம் போட்டு வந்த துணியை லைட் பாக்ஸில் வைத்து, விளக்கை மாற்றி மாற்றிப் போட்டு, எதிலாவது நிறம் பிசகினால் ரிஜெக்ட் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. நிச்சயம் ஆன புதிதில் போனில் பேச வேறு விஷயம் இல்லாமல் இதைச் சொல்லி வைத்தேன். அவள் விளக்கு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"விளங்குன்னா ஒளி விடறதுங்க. விளக்குன்னா விளங்க வெக்கறது. அதனாலதான் தீபமும் விளக்கு, பாத்திரம் தேய்க்கறதும் விளக்கறது. பல்லையும் விளக்கறோம், பாடத்தையும் விளக்கறோம். வெளக்குமாறுகூட அந்த வம்சந்தானுங்க."

அடேங்கப்பா! குத்துவிளக்கும் வெளக்குமாறும் பங்காளிகளா? சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. இந்தப் பெண் கைநழுவிப் போனால் நான் உருப்படவே மாட்டேன் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அப்படிப்பட்டவன், முகூர்த்தப் பட்டு எடுக்கப் போன இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாமா? அவள் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் பரம திருப்தி. பில்லும் போட்டாயிற்று. என் கை சும்மா இருக்கவில்லை. புடவையை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் விரித்துப் பார்த்தேன். கடைக்குள் ஒரு மஞ்சள், வெளியே வேறொரு மஞ்சள்.

"மண்டப லைட்டுல எப்படித் தெரியும்னு சொல்ல முடியாதுங்க. நம்ம கம்பெனி பக்கத்துலதான். ஒரு எட்டு வெச்சுப் பாத்துறலாங்க" என்றேன்.

என் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். இருந்தாலும் மாப்பிள்ளை சொல்லைத் தட்டக் கூடாதே என்று எல்லோரும் என் பின்னால் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் ஈ காக்கை இல்லை. ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கி, பட்டை லைட் பாக்ஸில் வைத்தேன். பகல் வெளிச்ச விளக்கில் தகதகவென்று இருந்தது. கடைகளில் போடுகிற மாதிரி விளக்கிலும் பழுதில்லை. மஞ்சள் விளக்கைப் போட்டதும் பழைய ஊறுகாய் மாதிரி ஆகிவிட்டது.

"ரிஜெக்ட்!" என்று கத்திவிட்டேன். பாழாய்ப்போன பழக்கதோஷம்.

"முகூர்த்தப் பட்டப் பாத்துப் பேசற பேச்சாங்க இது?" அவள் அம்மாவுக்குக் குரல் நடுங்கியது. "நாளைக்கு எம் புள்ளையவும் இந்தப் பொட்டிக்குள்ள வெச்சுப் பாத்துட்டு வேண்டாம்பீங்க. வெளங்கிரும் குடும்பம்! வா கண்ணு, போலாம்."

முதலில் அந்த மஞ்சளை அணைத்துத் தொலைப்போம் என்று பெட்டிக்குள் குனிந்து தடவியதில் கை ஊதா விளக்கின் சுவிட்சில் பட்டுவிட்டது. அதில் வெள்ளைத் துணியெல்லாம் நீலமாக மின்னும். எங்கள் டெய்லர், கம்பெனித் துணியில் தைத்துக் கொடுத்த என் வெள்ளைச் சட்டையும் ஜெகஜோதியாக மின்னியது. பாக்கெட் மட்டும் மின்னவில்லை. அழுக்குக் கஞ்சி நிறத்தில் தனியாகத் தெரிந்தது. வேறு தடவை வெளுத்த லாட் துணி! உடம்புக்கு ஒன்று, பாக்கெட்டுக்கு ஒன்று.

வாசல்வரை போனவள் திரும்பி வந்து உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுக்குப் பேருதான் ஷேடு வேரியேசனுங்களா?"

"ஆமாங்க."

"நிச்சயத்தன்னிக்கும் இதே சட்டைதானுங்களே?"

"ஆமாங்க."

முதலில் சிரித்தது என்னைப் பெற்றவள்தான். அவள் அம்மா சிரிக்கக் கூடாது என்று முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. பட்டை எடுத்து மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எந்த வெளக்குல எப்படித் தெரிஞ்சாலும் எனக்கு இதுதான் வேணுங்க" என்றாள். பிறகு அந்தக் கஞ்சி நிறப் பாக்கெட்டை விரலால் தொட்டாள். "இதுவுந்தானுங்க."

ரிஜெக்ட்டை அங்கேயே வாபஸ் வாங்கினேன். "பாஸுங்க" என்றேன்.