ராகுகாலத்தில் சுலைகா

மும்பை செம்பூரில் ஏசி சர்வீஸ் செய்யும் எங்கள் ஆபீஸில் ஆறு பேர், ஆறு கம்ப்யூட்டர். யார் எப்போது எங்கே போகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. தாராவியிலிருந்து வரும் சுலைகாவின் வேலை, ஃபோன் வந்தால் எடுத்து முதலாளி வைத்தீஸ்வரனிடம் கொடுப்பது. எங்கள் கூத்தைப் பொறுக்க முடியாமல் அவள்தான் ஆறு கம்ப்யூட்டரையும் சேர்த்து எல்லோருக்கும் ஒரே காலண்டர் வைத்தாள். கஸ்டமர் நம்பர்களையும் பொதுவில் போடச் சொன்னாள். தானே பேசி வேலை பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. முதலாளி மசியவில்லை. அந்த நம்பர்கள் அவருடைய ஃபோனை விட்டு இறங்காது.

அவர் தன் காலண்டரில் தினமும் ராகுகாலத்தை அடைத்து வைத்திருப்பார். எல்லாம் ஒன்றானபோது அது எங்கள் அத்தனை பேர் தலையிலும் ஏறிக்கொண்டது. மெக்கானிக் நகுலுக்கும் ராகுகாலம், சுலைகாவுக்கும் ராகுகாலம். சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டோம்.

அந்தச் சிரிப்பு ஒரு வியாழக்கிழமையோடு போயிற்று. வாஷியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, வருஷ கான்ட்ராக்ட் பேச மறுநாள் பதினொரு மணிக்கு வரச்சொல்லி மெயில் அனுப்பியது. வெள்ளிக்கிழமை பதினொரு மணி ராகுகாலம்; யாருக்கும் நேரமில்லை என்று காலண்டரே பதில் போட்டுவிட்டது. அப்படியானால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றார்கள். முதலாளி வெளியூரில் இருந்தார். கேட்டால் ராகுகாலம் கழியட்டும் என்பார். அதனால் சுலைகா கேட்கவே இல்லை. வருகிறோம் என்று எழுதிவிட்டு, காலையில் நகுலோடு ஹார்பர் லைன் ரயிலில் ஏறினாள். கணக்குப் பார்க்கும் நான் கணக்கை விட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கான்ட்ராக்டோடு திரும்பி வந்தாள்.

திங்கட்கிழமை முதலாளி அதை இரண்டு முறை படித்தார்.

“ராகுகாலத்துல நான் ஒரு காரியமும் ஆரம்பிக்கறதில்லைன்னு நோக்குத் தெரியுமோல்லியோ?”

“நீங்க எங்க சார் ஆரம்பிச்சிய? நாந்தான ஆரம்பிச்சேன்.”

வேலை போச்சு என்றே நினைத்தேன். அவர் கான்ட்ராக்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் எங்கள் ஆறு பேர் திரையிலும் கஸ்டமர் நம்பர்கள் வந்து நின்றன, ஒன்று விடாமல். ஆஸ்பத்திரிக்கு நேரே, நம் தரப்பில் பேசுகிறவர் என்ற இடத்தில் முதலாளி தன் பெயரை எடுத்துவிட்டு ‘சுலைகா’ என்று அடித்திருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் ஃபோனை எடுத்து அடுத்த கஸ்டமரைக் கூப்பிட்டாள்.