முழுச்சாமி வரும்வரைக்கும்

தியாக்கோன் வேலை என்பது, முழுச்சாமி வந்து சேரும்வரைக்கும் சாவை வாசலில் நிறுத்திவைத்து அதோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிற வேலை.

கோயில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்த உபதேசிமாருக்கும், ஊர்க் காரியத்துக்கு ஓடி வீட்டுச் சோற்றை ஆறவிட்ட சகபாடிகளுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கத்தோலிக்கக் கோயிலில் தியாக்கோன் என்பவன் குருவானவருக்கு ஒரு படி கீழே. பெண்டாட்டி பிள்ளைகுட்டி இருக்கிறவனும் ஆகலாம். ஞானஸ்நானம் கொடுக்கலாம், கல்யாணம் கட்டிவைக்கலாம், அடக்கம் செய்யலாம். பூசை வைக்கக்கூடாது. பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்புக் கொடுக்கக்கூடாது. சாகக் கிடக்கிறவனுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கக்கூடாது. இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இத்தனை சட்டத்தையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள்: பாதிச்சாமி.

கேட்டது ஒரு சம்மதம்

நான் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தவன். என்னை எடுத்தது படிப்புக்காக இல்லை, குரலுக்காக. விடியற்காலையில் கோயிலில் நான் ஒரு பாட்டெடுத்தால், காலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடித்துவிட்டார்களென்று எதிர்மலைக்காரர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். காலில் ஏறின அட்டை தானாகக் கழன்று விழும். நம்பாதவர்கள் நம்பவேண்டாம், அட்டைக்குத் தெரியும்.

தியாக்கோன் பட்டம் கொடுக்குமுன் பெண்டாட்டியின் சம்மதத்தை வாய்விட்டுக் கேட்கவேண்டுமாம். பங்குச்சாமி நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்கே வந்தார். என் பெண்டாட்டி பிலோமினா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தியாக்கோன் ஆனபிறகு மனைவி செத்துப்போனால் அவன் மறுகல்யாணம் கட்டமுடியாது என்பதை அவர் மெதுவாக, இருமி இருமிச் சொன்னார். மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் சொன்னாள்: "இத மொதல்லயே சொல்லியிருக்கக்கூடாதா சாமி? நாளைக்கே பட்டத்தக் குடுத்துருங்க, நான் நிம்மதியா சாவேன்."

பாதிப் பாவம்

எனக்கு வாய்த்த முதல் சாவு கவ்வாத்துச் சூசை அண்ணனுடையது. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலையைச் சுற்றின மனுசன், நெஞ்சில் சளி கட்டி எலும்பாய்க் கிடந்தார். பங்குச்சாமி டவுனில். மோட்டார்சைக்கிளில் மாசத்துக்கு ஒருதரம் வருவார். ஆள் அனுப்பினோம். வழியில் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. அதனால் நான் போய் நின்றேன்.

"அண்ணே, உத்தம மனஸ்தாபம் சொல்லுவோம். மனசார வருத்தப்பட்டா ஆண்டவர் ஏத்துக்குவாரு" என்றேன். "வருத்தம் எக்கச்சக்கமா இருக்கு, அதச் சொல்ல ஆளுதான் இல்ல" என்றார். என்னிடம் சொல்லிப் பிரயோசனமில்லை, மன்னிக்கிற அதிகாரம் எனக்கில்லை என்று விளக்கினேன். அதிகாரம் கிடக்கட்டும், முழுச்சாமி என்றால் செத்தாலும் வெளியே விடமாட்டார், உன்னிடம் சொன்னால் சாயங்காலம் பீலிக்கரையில் பெண்கள் குடத்தோடு அதையும் நிரப்பிக்கொள்வார்கள் என்று அந்த நிலையிலும் என்னைத் திட்டினார். மூச்சு வாங்கியது. ரோட்டுப் பக்கம் காது வைத்துப் பார்த்தார். மோட்டார்சைக்கிள் சத்தம் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்குமுன் அவர் கடைசியாகச் சொன்னது: "பாதிச்சாமின்னா பாதிப் பாவத்தையாவது கேளேன் தம்பி."

வயிறு நிறைந்தது

பிறகு பஞ்சம் வந்தது. மாவும் இல்லை, அரிசியும் இல்லை. வெறும் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு மலைக்குப் போனவர்கள் மலையிலேயே உட்கார்ந்தார்கள். சவப்பெட்டிக்குப் பலகை வாங்க யாருக்கு முடியும்? கோயிலில் ஒரு பொதுப்பெட்டி இருந்தது. உடம்பை அதில் வைத்துத் தூக்கிப் போவோம். குழிக்கரையில் பாயோடு எடுத்து இறக்குவோம். பெட்டி வெறுமனே திரும்பி வரும். கழுவிக் கோயில் சுவரில் சாய்த்துவைத்தால், காய்வதற்குள் அடுத்த சாவு வீட்டிலிருந்து கேட்டு வருவார்கள். பெட்டிக்கு வழி பழகிவிட்டது, வளைவில் நாம் தடுமாறினாலும் அதுவே திரும்பிக்கொள்ளும் என்று சொல்லித்தான் தூக்குகிறவர்களை நடக்கவைப்பேன். சிரிப்பார்கள். அப்போது பங்கீடு போடாதது சிரிப்பு ஒன்றுதான்.

ஒருநாள் யூனியன் தலைவர் மூக்கையா வந்து வாசலில் நின்றார். மாரியம்மன் கோயில் திருவிழாவை நடத்துகிறவர். அவருடைய சின்னப் பிள்ளை போய்விட்டது. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிலோமினா உள்ளே போய்த் தன் கல்யாணச் சேலையை எடுத்துவந்தாள். பெரிய பெட்டிக்குள் சின்ன உடம்பு உருண்டுவிடாமல் இருபக்கமும் மடித்து அண்டக்கொடுத்தாள். சேலையும் பிள்ளையோடு குழிக்குள் போனது. பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து கழுவும்போது அவள் சொன்னாள்: "இந்தத் தோட்டத்துல வயிறு ரொம்புனது இதுக்கு மட்டுந்தாங்க."

குழாய்த் தண்ணீர்

பஞ்சத்துக்குப் பிறகு, இரண்டு நாட்டுச் சர்க்காரும் போட்ட ஒப்பந்தப்படி, லயம் லயமாக இந்தியாவுக்குக் கோச்சியேற்றினார்கள். பிலோமினாவின் ஒரே தங்கச்சி லூர்துமேரியும் புறப்பட்டாள். நாமும் போய்விடலாமா என்று பிலோமினாவைக் கேட்டேன். தங்கச்சியைப் பிரிந்து இருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அடுப்பை ஊதிக்கொண்டே, "நாமளும் போயிட்டா பெட்டிய யாரு தூக்குறது?" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தலவாக்கலை ஸ்டேசனில் ஏறுகிறவர்களும் நிற்கிறவர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் கோச்சி ஊதினது யாருக்கும் கேட்கவில்லை. என் குரல் தோற்றுப்போன ஒரே இடம் அதுதான். லூர்துமேரியின் கையில் பிறந்து கொஞ்சநாளே ஆன குழந்தை. போகிற இடத்தில் கோயில் இருக்குமோ இருக்காதோ, இப்போதே ஞானஸ்நானம் கொடுங்கள் மச்சான் என்றாள். மேடைக் குழாயில் செம்பைப் பிடித்தேன். பிலோமினா ஞானத்தாய். நெற்றியில் கொஞ்சமாக ஊற்றினேன், குளிரில் பிள்ளைக்குச் சளி பிடிக்குமே என்று. லூர்துமேரி செம்பை என் கையோடு சேர்த்துச் சாய்த்தாள்: "நல்லா ஊத்துங்க மச்சான், இந்தத் தண்ணி இனிமே இதுக்குக் கெடைக்காது."

மழைக்குள்ளே

எண்பத்துமூன்று ஆடிக் கலவரம். நுவரெலியா எரிகிறதென்று சேதி வந்தது. தமிழர்களைத் தேடி அடிக்கிற காடையர்கள் புகையைப் பார்த்து வந்துவிடுவார்களென்று லயத்தில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. மழையில் தேயிலைச் செடிக்குள்ளே பிள்ளைகளை மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிலோமினாவுக்கு ஏற்கெனவே இழுப்பு. எங்கள் லயத்துக் காம்பிரா அறைக்குத் தூக்கிவந்தபோது பேச்சு விட்டு விட்டு வந்தது. ஆஸ்பத்திரிக்கு லொறி இல்லை, ஊரடங்கு. பங்குச்சாமியைக் கூட்டிவர மூக்கையா குறுக்குப் பாதையில் ஓடினார். மத்தியானம் நனைந்துகொண்டு தனியாகத் திரும்பி வந்தார். "பாலத்துல மறிச்சுட்டாங்க சாமி" என்றார்.

"வரமாட்டாரு, அப்படித்தானே?" என்றாள் பிலோமினா. நான் இருக்கிறேனே என்றேன். "நீங்க இருக்கீங்க, அதுதான் கஷ்டம். ஒங்ககிட்டச் சொன்னா மன்னிப்பு வராது, சண்டதான் வரும்." சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் காதைத் திருப்பினாள். எனக்குச் சூசை அண்ணன் ஞாபகம் வந்தது. அவளைத் தூக்கி ஆண்டவரின் திருஇருதயப் படத்துக்கு முகம் பார்க்க உட்காரவைத்தேன். "நேரா அவருகிட்டயே சொல்லு. நான் வெளிய பாடுறேன், ஒரு வார்த்த என் காதுல விழாது. முடிஞ்சதும் செம்பத் தட்டு" என்று சொல்லிவிட்டு இஸ்தோப்புத் திண்ணையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மாதா பிரார்த்தனையை எடுத்தேன். தகரத்தில் கொட்டுகிற மழையில் சத்தம் லயத்தைத் தாண்டியிருக்காது. எதிர்மலையை எழுப்பின குரல் முழுவதையும் என் காதை அடைப்பதற்கே செலவழித்தேன். பிரார்த்தனை முடிந்தது, செம்புச் சத்தம் இல்லை. மறுபடி பாடினேன். இன்னும் இல்லை. இவளுக்கு அப்படி என்ன இவ்வளவு பாவம் என்று பாட்டுக்கு நடுவே கோபம்கூட வந்தது.

அவளையும் அதே பெட்டியில்தான் கொண்டுபோனோம். உடுத்திவிடக் கல்யாணச் சேலை இல்லை. மூக்கையா எங்கிருந்தோ செவ்வந்தி பறித்துவந்து சிலுவைக்குப் பக்கத்தில் வைத்தார். அடக்கத்தை நானே செய்தேன், அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. பங்குச்சாமி ஊரடங்கு எடுத்தபிறகு வந்து, குழிமேட்டில் நெடுநேரம் நின்றார். அதெல்லாம் பிறகு. செம்புச் சத்தம் கேட்டு நான் உள்ளே ஓடினபோது அவள் முகம் தெளிந்திருந்தது. "ஏதாச்சும் காதுல விழுந்துச்சா?" என்றாள். சத்தியமாக இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "நல்லவேள. விழுந்திருந்தா சட்டத்தையும் மீறி இன்னொருத்தியக் கட்டியிருப்பீங்க."

மேலே போய்ச் சேர்ந்ததும், அன்றைக்கு அவள் என்னதான் சொன்னாள் என்று ஆண்டவரிடம் கேட்டுப் பார்க்கலாமென்றிருக்கிறேன், ஆனால் இந்த விசயத்தில் அவரும் நம் பங்குச்சாமி மாதிரித்தான், பாதிச்சாமிக்கெல்லாம் வாயைத் திறக்கமாட்டார்.