பஸ்ரியனின் கஞ்சிக்கு வந்தவர்கள்

கென்னடி றோட்டில், டோர்செட் பார்க் அடுக்குமாடிகளுக்கு எதிரே உள்ள சின்னப் பிளாசாவில் பஸ்ரியனின் ரேக்கவுட் சாப்பாட்டுக் கடை பத்தொன்பது வருடமாக இருக்கிறது. அது அங்கே இருப்பது வெளியில் தெரிந்துவிடக் கூடாது என்பதில் அவர் மிகவும் கவனமாக இருந்தார். விளம்பரம் போட்டால் போட்டிக்காரன் வருவான். இணையத்தில் பெயர் வந்தால் கள்ளன் வருவான். தமிழ் வானொலிக்காரர் ஒருவர் பாதி விலைக்கு விளம்பரம் போடுகிறோம் என்று வந்தபோது, "ஏன் பாதி விலை? மற்றப் பாதியில என்ன பிழை?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். பற்றிஸ் ருசியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், இந்த ஆளுக்கு என்ன தேவையாக்கும் என்று நெற்றியைச் சுருக்குவார்.

மன்னார்க்காரர். அறுபத்திரண்டு வயது. பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில்கூட, இவர் யார், ஏன் இன்றைக்கு இந்த வாங்கில் இருக்கிறார் என்று ஒருமுறை அளந்துவிட்டுத்தான் கையை நீட்டுவார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு காரியத்தை மட்டும் கேள்வி கேட்காமல் செய்துவந்தார். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கடையில் இறைச்சி இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, பயறும் தேங்காய்ப்பாலும் சேர்த்த கஞ்சி பெரிய பானையில் வரும். வந்தவர்களுக்கெல்லாம் சும்மா. மனைவி செலீனுக்கு இதய ஆப்பரேசன் நடந்த வருடம் வைத்த நேர்த்திக்கடன் அது. ஆறு வெள்ளி, ஏழாவது பெரிய வெள்ளி. ஏன் சும்மா கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் சொல்லமாட்டார். "குடிக்கிறதெண்டா குடியுங்கோ, விசாரணை வேண்டாம்."

வழக்கமாக முப்பது பேர் வருவார்கள். எல்லாம் தெரிந்த முகம். இந்த வருடம் இரண்டாவது வெள்ளிக்கு, தெரியாத சீனப் பிள்ளைகள் பதினொருவர் வந்தார்கள். மூன்றாவது வெள்ளிக்கு நாற்பது பேர். வரிசையாக நின்று, ஒருவரும் சிரிக்காமல், ஒவ்வொருவராக "ஃப்ரைடே" என்றார்கள். கஞ்சியை வாங்கிப் படம் எடுத்தார்கள். பிறகு பஸ்ரியனைப் படம் எடுத்தார்கள்.

"செலீன், உது சரியில்லை."

"என்ன சரியில்லை? பசிச்ச பிள்ளையள்."

"பசிச்சவன் படம் எடுத்துக்கொண்டு நிப்பானே?"

சந்தேகப்பட ஆளும் கைவசம் இருந்தாள். இரண்டு கடை தள்ளி, ஜனவரியில் லின் என்ற பெண் ஓர் அலுவலகம் திறந்திருந்தாள். சீன மொழிச் செயலிகளில் கடைகளுக்கு விளம்பரம் செய்து கொடுப்பது அவள் தொழில். மாதக் கட்டணத்துக்கு உங்கள் கடையையும் போடுகிறேன் என்று வந்து கேட்டாள். பஸ்ரியன் கதவைக் காட்டினார்.

மூன்றாவது வெள்ளி பின்னேரம் மகள் ஷரோன் விளங்கப்படுத்தினாள். "அப்பா, சீனாவில நூறு கோடிக்கு மேல சனம் ஒன்லைன்ல. அவைக்கு வேற அப். இஞ்ச வந்தாப் பிறகும் எங்க சாப்பிடுறது, எந்த டென்ரிஸ்ட்டிட்டப் போறது, எல்லாம் அதைப் பாத்துத்தான். லைக், எவ்ரிதிங்."

"அப்ப உவள்தான். வேண்டாம் எண்டாப் பிறகும் சும்மா செய்யிறாள். சும்மா செய்யிறவளை எப்பிடி நம்பிறது?"

ஐந்தாவது வெள்ளிக்குப் படம் எடுக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினார். அந்த அறிவித்தலையும் படம் எடுத்தார்கள். ஆறாவது வெள்ளிக்குக் கார் பார்க் நிரம்பி வழிந்தது. அடுத்த திங்கள், பிளாசாவை நிர்வகிக்கும் கொம்பனியில் வேலை செய்யும் ராகுலன் ஒரு கடிதத்தோடு வந்தான்.

"அங்கிள், ஃபயர் லேனை, தீயணைப்பு வண்டி வாற பாதையை, மறிச்சுப் பதினேழு கார். இன்னொருக்கா மறிச்சா ஜூன் மாதம் லீஸ் புதுப்பிக்கமாட்டினம்."

"ஆர் உமக்குச் சொன்னது?"

"என்ர கண்ணால பாத்தனான்."

"உம்மட கண் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏன் தம்பி இஞ்ச வந்தது?"

ராகுலன் கடிதத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனான். பஸ்ரியனுக்கு முழுப்படமும் தெரிந்துவிட்டது. லின் கூட்டத்தைக் கூட்டுகிறாள். ராகுலன் காரை எண்ணுகிறான். ஜூனில் இந்த இடத்தில் சீனப் பபிள் ரீ கடை வரும்.

"இந்த முறை பெரிய வெள்ளிக்குக் கஞ்சி வேண்டாம்," என்றாள் செலீன். "ஆண்டவர் விளங்கிக்கொள்ளுவார்."

"அவர் விளங்கிக்கொள்ளுவார். எனக்கெல்லோ விளங்காது."

கடையும் போகக் கூடாது, நேர்த்தியும் போகக் கூடாது. ஷரோனையும் கடிதத்தையும் கூட்டிக்கொண்டு லின்னின் அலுவலகத்துக்கே போனார். லின் கோபப்படவில்லை. போனை எடுத்து ஒரு பதிவைக் காட்டினாள். எழுதியது அவள் இல்லை, யாரோ ஒரு தாதிப் படிப்பு மாணவி. ஷரோன் தன் போனால் மொழிபெயர்த்தாள். ஒரு போனை நம்ப முடியாதென்று, கையோடு கொண்டுவந்திருந்த செலீனின் போனிலும் பார்க்கச் சொன்னார் பஸ்ரியன். ஒரு போன் அவரைக் 'கிழவர்' என்றது. மற்றது 'தளபதி' என்றது. மிச்சம் எல்லாம் ஒன்றுதான்:

"இவர் உங்களை ஆட்டுக் கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். சிரிக்காதீர்கள்; சிரித்தால் சந்தேகம் கூடும். 'ஃப்ரைடே' என்று மட்டும் சொல்லுங்கள். காசு நீட்டினால் கோபிப்பார். இதை எழுத எனக்கு யாரும் எதுவும் தரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்."

கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். வருடத்தில் ஏழே நாள், அதுவும் மத்தியானம் மட்டும்! இந்த மனிதர் ஒரு விற்பனை மேதை என்று பாதிப்பேர் எழுதியிருந்தார்கள். பொருளைக் கொஞ்சமாக விட்டு ஆசையைக் கூட்டுவதைத் தங்கள் மொழியில் பட்டினி மார்க்கெட்டிங் என்பார்கள் என்று லின் சொன்னாள்.

"பட்டினி கிடக்கிறது நாங்கள். அதில என்ன மார்க்கெட்டிங்?"

ஷரோன் இதைத் தன் வசதிக்கேற்ப மொழிபெயர்த்தாள். லின் பெருமூச்சு விட்டாள். காசுக்கு எழுதும் பதிவுகளைப் படித்துப் படித்து எங்கள் ஆட்கள் எதையும் நம்புவதில்லை என்றாள். நான் மாதக்கணக்கில் பாடுபட்டு ஒரு கடைக்கு இருபது பேரைக் கொண்டுவருகிறேன். நீங்கள் ஒருவரையும் நம்பாததால் உங்களை எல்லோரும் நம்புகிறார்கள் என்றும் சொன்னாள்.

பஸ்ரியன் கடிதத்தை மேசையில் வைத்தார். "வரவேண்டாம் எண்டு எழுதச் சொல்லு."

லின் மாட்டேன் என்று தலையாட்டினாள். வரவேண்டாம் என்றால் இரண்டு மடங்கு ஆட்கள் வருவார்கள் என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு நாலு வரி எழுதிப் போட்டாள்.

"என்ன எழுதினவள்?"

"ஆராவது கார் கொண்டுவந்தா அந்தக் கிழவர் பானையை மூடிப்போடுவார் எண்டு."

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே!"

"சொல்லுவீங்கள்தானே அப்பா."

பஸ்ரியன் கடிதத்தை எடுத்து மடித்தார். "ஓம். சொல்லுவன்."

பெரிய வெள்ளி மத்தியானம் இரண்டு பானை வைத்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க, கென்னடி பஸ் வந்து நின்றது. அடுத்த பஸ்ஸும் வந்தது. நூறு பேருக்கு மேல் இறங்கி, நடைபாதையில் ஒருவர் பின் ஒருவராக, சத்தமில்லாமல், சிரிப்பில்லாமல், கையில் சொந்தக் கோப்பையோடு நடந்து வந்தார்கள். எதிர் மாடியில் இருக்கும் கமலாம்பிகை அன்ரி சாமான் வாங்கப் போனவர் நின்று பார்த்தார். "என்ன செலீன், உங்கட சிலுவைப்பாதை இந்த முறை இஞ்சாலையே?"

ஃபயர் லேனில் ஒரே ஒரு கார் நின்றது. அதற்குள் போனைப் பிடித்தபடி ராகுலன் இருந்தான்.

பஸ்ரியன் அகப்பையோடு போய்க் கண்ணாடியில் தட்டினார். "தம்பி, காரை எடும். ஃபயர் லேன்."

ராகுலன் காரை எடுத்தான். பத்து நிமிடத்தில் அவனும் வரிசையில் நின்றான். முறை வந்ததும், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "ஃப்ரைடே," என்றான்.

கடைசியாக லின் வந்தாள். பஸ்ரியன் அவள் நீட்டிய கோப்பையை வாங்கி, கஞ்சி விடாமல் பிடித்துக்கொண்டு ஷரோனைக் கூப்பிட்டார். "எனக்கு ஏன் சும்மா செய்து தந்தவள் எண்டு கேள்."

ஷரோன் கேட்டாள். லின் திருப்பிக் கேட்டாள்: "அவர் ஏன் சும்மா கொடுக்கிறார்?"

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் கேட்ட கேள்வி. பஸ்ரியன் லின்னை ஆட்டுக் கள்ளனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். பிறகு அகப்பையால், முதல் பானையைக் கழுவிக்கொண்டு நின்ற செலீனைக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. லின்னின் கோப்பையை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தார்.

ஈஸ்டருக்கு அடுத்த கிழமை லீஸ் கடிதம் வந்தது. ஷரோன் வாசித்தாள். ஐந்து வருடம், அதே நிபந்தனைகள். செலீன் சிலுவை போட்டுக்கொண்டாள். பஸ்ரியன் கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அஞ்சு வருசம் கேட்டனான். அஞ்சு வருசமே தந்திருக்கிறாங்கள்," என்றார். "மற்றப் போனிலயும் ஒருக்காப் பார் பிள்ளை."