வரப்பில் விழுந்த வல்லூறு

அந்த வல்லூறு எனக்குக் கிடைத்தது ஓர் ஐப்பசி மழை நாளில். மதகு ஓரத்தில் யாரோ கட்டியிருந்த மீன் வலையில் ஒரு சிறகு சிக்கி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. புறா அளவுகூட இல்லை. செங்கல் நிற முதுகில் கறுப்புப் புள்ளிகள். வயலுக்கு மேலே காற்றில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்குமே, அந்த இனம். வலையை அறுத்தபோது என் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. தாவணி முந்தியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஊர் நன்னிலத்துக்குப் பக்கம். அப்பாவுக்கு நிறைய நிலம் இருந்தது. பள்ளிப் படிப்பு முடிந்து, வரன் அமையும் வரை வீட்டோடு இருந்தேன். மெட்ராஸில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அண்ணனுக்குப் பறவையைப் பற்றி எழுதினேன். அவன் கல்லூரி நூலகத்தில் ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து ஆறு பக்கத்துக்குப் பதில் போட்டான். காலுக்கு மெல்லிய தோல் வார் கட்டு. தினமும் எடை பார். கையில் உட்காரவைத்துத்தான் தீனி கொடு. "எப்பவும் கொஞ்சம் பசியோடவே வை. வயிறு நிறைஞ்சா உன்கிட்ட வராது. ஆனா பட்டினி போட்டுடாதே, செத்துப்போயிடும்."

பழைய செருப்பிலிருந்து வார் வெட்டினேன். அண்ணனின் கிரிக்கெட் கையுறையை மாட்டிக்கொண்டேன். முதல் பத்து நாள் அது என்னைப் பார்த்தாலே கையிலிருந்து குதித்து, வாரில் தொங்கிப் படபடத்தது. எடுத்து உட்காரவைப்பேன், மறுபடி குதிக்கும். அம்மா, "இது என்ன பொம்பளப் பிள்ளை செய்யற வேலையா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தீனிக்கு எனக்கு உதவியவர் எங்கள் மாட்டுக்கொட்டகையில் வேலை செய்த பெண். கீழத்தெருக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் எங்கள் வீட்டு வழக்கப்படி நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். தினமும் இரண்டு வயல் எலி கொண்டுவருவார். "சின்னம்மா, இது முறைக்கிறதைப் பாத்தா நம்ம காரியஸ்தர் மாதிரியே இருக்கு" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். பண்ணைக் கணக்கையும் ஆட்களையும் மேய்த்த காரியஸ்தருக்கு நிஜமாகவே அப்படி வட்டக் கண்.

பதினோராம் நாள் அது என் கையிலிருந்து கறியைக் கொத்தியது. பிறகு நைலான் கயிறு கட்டி, களத்தில் பத்தடி, இருபதடி என்று பறக்கவிட்டேன். விசில் ஊதினால் கைக்கு வந்துவிடும். மார்கழி முடிவதற்குள் களத்தின் கோடியிலிருந்தே வரத் தொடங்கியது.

தை பிறந்து சம்பா அறுப்புக்கு நின்றபோது தகராறு வந்தது. கழக ஆட்சி வந்த பிறகு கூலிக்குச் சட்டம் போட்டிருந்தார்கள். அந்தக் கூலியைக் கொடுத்தால்தான் அறுப்போம் என்று கீழத்தெரு ஆட்கள் வரப்பில் சிவப்புக் கொடி நட்டுவிட்டார்கள். கொட்டகைக்கும் யாரும் வரவில்லை. பறவைக்கு எலி நின்றுபோனது.

கையில் வல்லூறோடு கூடத்தைக் கடந்தபோது, அப்பா காரியஸ்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பசிச்சா தானா வருவானுங்க. அதுவரைக்கும் ஒரு மரக்கா நெல்லு யாரும் குடுக்கப்படாது." அண்ணன் கடிதத்தில் படித்த வார்த்தைகள் போலவே இருந்தன. ஆனால் நான் பறவையோடு களத்துக்குப் போய்விட்டேன்.

கீழத்தெருவில் அடுப்பெரிய ஒரே வழி எலி வளைதான் என்பது ஊருக்கே தெரியும். எலிகள் வளைக்குள் கதிரைச் சேர்த்துவைக்கும். வரப்பைத் தோண்டினால் இரண்டு கை நெல்லும் கிடைக்கும், எலியும் கிடைக்கும். ஒரு சாயங்காலம் காரியஸ்தர் பூச்சி மருந்து டின்களை வண்டியில் ஏற்றிப் போனதைப் பார்த்தேன். பயிருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, முதல் தடவையாகக் கயிறு இல்லாமல் பறவையை விட்டேன். மேலே போனது. முற்றிய கதிருக்கு மேல் காற்றில் நின்றது. சட்டென்று வரப்பில் விழுந்தது. ஓடிப் பார்த்தால், காலடியில் ஓர் எலி! கையை நீட்டினேன். எலியோடு ஏறி உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாதி தின்றிருக்கும். களத்துக்கு வந்து சேர்வதற்குள் அதன் தலை ஆடியது. சிறகு இரண்டும் விறைத்து, கையிலிருந்து சரிந்து வாரில் தொங்கியது. குதிக்கிறது என்று நினைத்துத் தூக்கி உட்காரவைத்தேன். நிற்கவில்லை. அலகில் நுரை. கொஞ்ச நேரம் வெட்டி வெட்டி இழுத்துவிட்டு அடங்கிவிட்டது.

அதை மடியில் போட்டுக்கொண்டு, அது எலி பிடித்த வரப்புக்கே திரும்பிப் போய் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூக்கில் பூச்சி மருந்து நெடி ஏறியது அதற்குப் பிறகுதான். பக்கத்து வளை வாயில் பால் சிந்தியதுபோல வெள்ளையாகக் கறை. அடுத்த வளையிலும் அப்படியே. அதற்கடுத்த வரப்பில் வளைகள் தோண்டிக் கிடந்தன. மண் இன்னும் ஈரமாக இருந்தது.

எப்படி எழுந்தேன், எப்படி ஓடினேன் என்று நினைவில்லை. மூங்கில் பாலத்தைத் தாண்டினால் கீழத்தெரு. பிறந்ததிலிருந்து அந்தப் பாலத்தில் நான் கால் வைத்ததில்லை. அந்தப் பெண் வாசலில் அடுப்பு மூட்டியிருந்தார். சட்டியில் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

"சின்னம்மா? நீங்க எங்க இங்க?"

"சாப்பிடாதீங்க! யாரும் சாப்பிடாதீங்க! வளையில மருந்து ஊத்தியிருக்கு!"

"யாரு ஊத்துனா?"

"எங்க ஆளுங்கதான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் விவரிக்க முடியாது. அடுத்த நொடி சட்டியை உதைத்துத் தள்ளிவிட்டு, வீடு வீடாகக் கத்திக்கொண்டு ஓடினார். ஆனால் அவருடைய மாமனார் வரப்பிலேயே ஓர் எலியைச் சுட்டுத் தின்றுவிட்டு வந்திருந்தார். குடிசைக்குப் பின்னால் கைகால் இழுத்துக்கொண்டு கிடந்தார். கட்டிலோடு தூக்கிப் போய், ரோட்டில் லாரியை மறித்துத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். கை நடுக்கம் மட்டும் கடைசிவரை போகவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். செத்த பறவையை அவர் முன்னால் வைத்தேன்.

"எலிக்குத்தானே வெச்சேன்" என்றார்.

"அவங்க அதைத் தோண்டித் திங்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல அப்பா?"

டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியும்" என்றார். குரல் உயரவில்லை. கோபம்கூட இல்லை. காலையில் மழை வருமா என்று கேட்டால் சொல்வாரே, அதே குரல். என்னைத் தோளில் தூக்கித் தேர் காட்டிய மனிதர் அவர்.

போலீஸ் வந்தது. டின்னைப் பற்றி நானே சொன்னேன். எழுத வந்தவர் பேனாவை மூடிவைத்துக்கொண்டு, "உள்ள போம்மா" என்றார். கேஸ் இல்லை. ஆனால் விஷயம் பரவி, தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை நடந்து, கேட்ட கூலி கிடைத்தது. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். அந்த வைகாசியிலேயே சீர்காழியில் கல்யாணம் முடித்து அனுப்பிவிட்டார்.

அறுப்பு தொடங்கிய அன்று அந்தப் பெண்ணை வரப்பில் பார்த்தேன். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"அன்னைக்கு ஓடி வந்தீங்களே, அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் இங்க உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தீங்களாம். எங்க ஆளுங்க தூரத்துலேந்து பாத்திருக்காங்க."

"ஆமா."

"எதுக்கு அழுதீங்க?"

வல்லூறுக்காக மட்டும்தான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் பதிலுக்காக நிற்கவில்லை. வயலில் இறங்கி, அறுப்பு வரிசையில் தன் இடத்துக்குப் போய்க் குனிந்துகொண்டார்.