உப்பில்லாத சோறும் வெயிலில்லாத பகலும்

மிளகாய் காயப்போட்டுவிட்டு வந்த அன்று முகம் சிவந்து எரிந்தது. மிளகாய்க் கையால் தொட்டிருப்பேன் என்று எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மாதம் ஒன்றாகியும் கன்னச் சிவப்பு போகவில்லை. விரல் மூட்டுகள் வீங்கின. பிறகு காலும் முகமும் வீங்கிக் கண் திறக்க முடியாமல் போனது. என் வீட்டுக்காரர் மோகனூரிலிருந்து வண்டி கட்டிச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சினார். முட்டை வெண்கருவாகத் திரண்டது. அல்புமின் (ரத்தத்தில் தங்க வேண்டிய சத்து) கசிகிறதாம்.

"இது லூபஸ்ங்கிற நோய் அம்மா. தோலோட நிக்கலே, சிறுநீரகத்தையும் கெடுத்திருக்கு. இதுக்குன்னு தனி மருந்து இன்னும் கண்டுபிடிக்கலே. படுக்கையில இருக்கணும், உப்பு கூடாது, வெயில் படவே கூடாது."

"பொழைச்சுக்குவாளுங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நீர் நல்லாப் பிரிஞ்சா பொழைப்பாங்க."

உப்பில்லாத கஞ்சியைத் துப்பினேன். "நானும் இனி உப்புத் திங்கலே புள்ள" என்று அவரும் அதையே குடித்தார். மறுநாள் அவர் மீசையில் ஊறுகாய் வாடை.

"ஏனுங்க, இதென்னங்க வாசம்?"

"தொட்டுக்கலே புள்ள, மோந்துதான் பாத்தேன்."

சிரித்ததில் வீங்கிய வயிறு வலித்தது.

பக்கத்துக் கட்டிலில் ஜலகண்டாபுரத்துப் பாவாயி. அவளுக்கும் இதே நோய். இருதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. சிரிக்க மூச்சில்லாவிட்டாலும் மீசைக் கதையை மறுபடி மறுபடி சொல்லச் சொல்வாள். ஒருநாள் விடிந்தபோது அவள் கட்டில் காலி. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அடுத்தது நான்தான் என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து எனக்கு நீர் பிரியத் தொடங்கியது. நிற்கவே இல்லை. நர்சம்மா சட்டியை மாற்றி மாற்றிக் களைத்துப்போனார். "மாமா, பிரிஞ்சிருச்சுங்க!" என்று நான் கத்தியது 'பொறந்திருச்சு' என்று காதில் விழுந்து, வார்டே குழந்தை பிறந்ததாக நினைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்.

இந்த நோயோடு படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முழுக்க விட்டுப்போகும் என்று எனக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை. கணுக்கால் அவ்வப்போது வீங்குகிறது. வெயில் ஏறுமுன்பும் இறங்கிய பின்பும்தான் தோட்டத்தில் கால் வைக்கிறேன். நடுப்பகலில் வீடே கதி.

முன்பு அடுத்த வருஷத்து அறுப்பை இந்த வருஷமே பேசுவேன். இப்போது விடிந்ததும் விரல்களை மடக்கிப் பார்க்கிறேன். அதுவரைதான் என் கணக்கு. இன்று பத்தும் மடங்கின. அவரை எழுப்பிக் காட்டினேன்.

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். "அப்பக் கம்பு இன்னிக்கு நீயே இடிச்சுரு புள்ள" என்று சொல்லிப் போர்த்திக்கொண்டார்.