என் இடத்தில் வாசித்தவன்

குளிர்நாட்டுத் துறைமுகமான பெர்கனில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் பேசுவதில்லை. கப்பல் எஞ்சின் பழுதுபார்க்கும் எங்கள் பட்டறையில் எல்லோரும் ஒரே நீள மேசையில் அமர்ந்து ரொட்டியைக் கடிப்போம். யார் மீதும் யாருக்கும் கோபம் கிடையாது. வந்த புதிதில் இது புரியாமல், கூட வேலை செய்யும் லார்ஸிடம், "நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா?" என்று கேட்டேன். "ஏன், என்ன செய்தாய்?" என்று பதறிப்போய்க் கேட்டான். அப்படித்தான் நண்பர்கள் ஆனோம்.

அந்த மேசையில்தான் ஒருநாள், ஊரிலிருந்து என் நண்பன் மைதீன் அனுப்பிய பாட்டை லார்ஸுக்குப் போட்டுக் காட்டினேன். பெருமைக்காகத்தான். பாட்டு என்று சொல்வதும் தவறு. அதில் வார்த்தையே கிடையாது. ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ். டிரம்ஸையும் துணி சுற்றிய கோலால் தடவுவதுபோலத்தான் வாசிப்பார்கள். தொடங்கிவிட்டதா இல்லையா என்றே சந்தேகமாக இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகி, இதோ வெடிக்கப்போகிறது என்று காத்திருக்கும்போது அடங்கிவிடும். இதற்கு போஸ்ட் ராக் என்று ஒரு பெயர் இருப்பதே எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

எங்களுக்கு என்கிறேன். மைதீனும் செல்வனும் நானும் சேர்ந்து ஆரம்பித்தது அது. தென்காசியில் மைதீனுக்கு ஸ்பீக்கர் செட் வாடகைக் கடை. கல்யாணம், கோவில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் காது கிழிய அலறுவது அவனுடைய பெட்டிகள்தான். அவற்றை அடுக்கிவைத்த குடோனுக்குள் உட்கார்ந்து வாசிப்போம். "நாள் பூரா சத்தத்த வாடகைக்கு விடுதேன். எனக்குன்னு கொஞ்சம் சத்தமில்லாம வேணும்லே" என்பான். அச்சன்புதூரிலிருந்து நான் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் போவேன். இங்கே வேலை கிடைத்துக் கிளம்பும்போது, வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் யாரையும் சேர்க்கவில்லை. இரண்டு பேராகவே வாசித்தார்கள். ஒவ்வொரு பதிவு வரும்போதும் நான் வாசித்திருக்கக்கூடிய இடங்களில் காதை வைத்துக் குறை தேடுவேன். ஒரு குறையும் இருக்காது. வயிறு எரியும்.

லார்ஸ் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டான். "இது எங்கள் நவம்பர் மாதம். எங்கள் ஃபியோர்டு" என்றான். மலைகளுக்கு நடுவே நீளமாக நுழைந்து கிடக்கும் கடலை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"இல்லை, இது குற்றாலம்" என்றேன்.

"அப்படியா? குற்றாலம் என்ன வாசிக்கிறார்?"

சிரித்துவிட்டேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. என்னைவிட்டுப் போன ஒன்றை வேறொருவன் தன்னுடையது என்கிறானே!

லார்ஸும் கிட்டார் வாசிப்பவன். என்னிடம் கேட்டு மைதீனின் எண்ணை வாங்கிக்கொண்டான். பிறகு இருவருக்கும் நடுவில் நான் தேவைப்படவில்லை. சாரல் ஆரம்பித்ததும், சொன்னால் நம்பமாட்டீர்கள், விமானம் ஏறிவிட்டான். எனக்கு லீவு கிடைக்கவில்லை.

மைதீன் போன் செய்தான். "ஏலே, உன் ஆளு வந்துட்டான்லே. ஐந்தருவியில எல்லாவனும் நடுங்குதான், இவன் குளிரே இல்லங்கான். பார்டர் கடையில பரோட்டா வாங்கிக் குடுத்தேன், காரத்துல கண்ணுல தண்ணி ஓடுது, நிறுத்தமாட்டேங்கான்."

"நல்லாப் பாத்துக்கோ" என்றேன். "வேலை இருக்குடே" என்று சீக்கிரம் வைத்துவிட்டேன். அதன்பிறகு அவன் அழைத்தபோதெல்லாம் எடுக்கவில்லை.

லார்ஸ் திரும்பி வந்த அன்று, வேலை முடிந்து ட்ராமில் போகும்போது வீடியோவைக் காட்டினான். குற்றாலத்தில் ஒரு சின்ன மண்டபம். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மைதீனுக்கு இடதுபக்கம், நான் எப்போதும் உட்காரும் இடத்தில், லார்ஸ் வாசித்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு பெரியவர், "பாட்டு எப்பம் படிப்பிய?" என்று கேட்டார். "இதான் பாட்டு அண்ணாச்சி" என்றான் செல்வன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கடைசிவரை எழுந்திருக்கவில்லை. லார்ஸ் ஒரு சுரத்தை அழுத்திவிட்டு, அது கரைந்துபோகும்வரை விரலை எடுக்காமல் காத்திருந்தான். எனக்கு அந்தப் பொறுமை வந்ததேயில்லை.

முடிந்ததும் மைதீன் கேமராவுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான். "ஏலே, போன எடுக்கமாட்டேங்க, இதையாவது பாரு. நல்லா வாசிக்கான்லே இவன். இந்த எடத்துல நீ எப்படி வாசிப்பன்னு என்ட்ட கேட்டுக்கிட்டே இருக்கான். யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். எனக்கு மறந்துபோச்சுலே. ஒரு தடவ வந்து காட்டிட்டுப் போ."

"என்ன சொல்கிறார்?" என்று லார்ஸ் ஆவலோடு கேட்டான்.

"நீ நன்றாக வாசிக்கிறாயாம்."

"இவ்வளவு நேரம் பேசினாரே. வேறு?"

"அவ்வளவுதான்."

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டான். திரையில், அருவித் தண்ணீர் சொட்டும் தலையோடு அவன் குற்றாலத்தில் உட்கார்ந்திருந்தான். எனக்குப் பக்கத்தில், பட்டறைச் சட்டையோடு, பெர்கனிலும் உட்கார்ந்திருந்தான். இரண்டு ஊரிலும் அவன்தான் இருந்தான்.