கணக்கில் சேர்ந்த நானூறு பேர்

என் தங்கைக்கு வேலை, அடுத்தவர் காத்திருக்கும் நேரத்தை அளப்பது. ஒரு மருத்துவமனை முன்பதிவுக்கு இணையதளம் திறக்கப் போகிறது. ஒரே சமயத்தில் ஆயிரம் பேர் டாக்டரைக் கேட்பதுபோல் இவள் கணினியில் ஓட்டிப் பார்ப்பாள். பதில் வரச் சராசரியாக எத்தனை வினாடி என்று எழுதிக் கொடுப்பாள். இரண்டு வினாடிக்குள் வந்தால் தளம் திறக்கும். இவளுக்கும் ஒரு வாரம் லீவ். மூன்று வாரமாக அந்த இரண்டு வினாடி வரவில்லை. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சாப்பிட்டாள். தலை வாரினால் கொத்தாக முடி வந்தது.

சனிக்கிழமை காலையில் வந்துவிட்டது. 1.8.

“அக்கா, ஒரு வாரம் நான் இந்த வீட்லயே இல்லைன்னு வெச்சுக்கோ. பாயும் நானும்தான்.”

“இப்ப மட்டும் இருக்கியாக்கும்!” என்றேன்.

மேலதிகாரிக்கும் போனில் சொல்லிவிட்டாள். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்பவர். வீட்டில் அவருக்கு ‘வெந்நீர்’ என்றே பெயர்.

அறிக்கையை அனுப்பும் முன், அந்த ஆயிரம் பேருக்கும் வந்த பதில்களின் பட்டியலை ஒருமுறை பார்த்தவள் அப்படியே நின்றாள். நானூறு பேரைத் தளம் ‘முடியாது’ என்று கால் வினாடிகூட ஆகாமல் திருப்பி அனுப்பியிருந்தது. அவர்களை ஒதுக்கிவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும், அசதியில் மறந்துவிட்டாள். விரட்டிய வேகமும் பதில் சொன்ன வேகமாகக் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஒதுக்கிப் பார்த்தாள். 2.9.

வெந்நீர் கூப்பிட்டார். “என்னம்மா, அனுப்பிட்டியா?”

“சார், 2.9 வருது. நானூறு பேருக்கு டாக்டரே கிடைக்கலை. அவங்களையும் சேர்த்துட்டேன். தப்பு என்னுதுதான்.”

“இப்ப ஏம்மா அதைத் தோண்டறே? 1.8-ஐயே அனுப்பிட்டு லீவ் எடுத்துக்கோ. மத்ததை அப்புறம் பார்ப்போம்.”

தங்கை என்னைப் பார்த்தாள். அனுப்பித் தொலையேன்டி என்று வாய்வரை வந்தது. எட்டாவதோடு நின்ற எனக்கு அதைச் சொல்ல என்ன தெரியும்?

“வர்றவங்க நோயாளிங்க சார். 2.9-ன்னுதான் போடுவேன்.”

“அப்ப லீவை மறந்துடு.” வைத்துவிட்டார்.

அப்படியே எழுதி அனுப்பினாள். பிறகு, அந்த நானூறு பேர் எங்கே தடைபட்டார்கள் என்று பட்டியலை வரிவரியாகப் பார்க்கத் தொடங்கினாள். முப்பதாவது வரியில் கண் சொக்கியது. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, முப்பத்தொன்றாவது வரியைப் பிடித்தாள்.